ஓடத் தெரிந்த கோப்ளின்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான விளையாட்டுகளை ஆடுகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கதை, பாத்திரம், உணர்ச்சி எல்லாம் ரோல்பிளேயின், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் இந்த ஆட்டத்தின், சொத்து. மேசையில் பொம்மைப் படைகளை அடுக்கி டேப்பால் அங்குலம் அளந்து ஆடும் வார்கேம் வெறும் கணக்கு. முதலாவது இரண்டாவதிலிருந்து பிறந்ததுதான், ஆனால் அது வளர்ந்து ஆளாகி வீட்டை விட்டு எப்போதோ போய்விட்டது, இனி மினியேச்சர்கள், அந்தச் சின்னப் பொம்மைகள், எதற்காவது தேவை என்றால் சண்டைக் காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டுவதற்கு மட்டும்தான். மினியேச்சரை மேசையில் வைத்த நிமிடமே கற்பனை செத்துவிடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. இந்தப் பேச்சு எனக்கு ஒருநாளும் ஒட்டியதில்லை. ஆனால் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பெயின்ட் அடிப்பது பிடிக்கும் அதனால் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

உறுத்தல் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் குழுவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் நீண்ட நாள் தொடர்கதையாக ஓடிய ஒரு கேம்பெய்ன் இருந்தது. அருமையான ஆட்கள், கதையை நடத்தி எதிரிகளை ஆட ஒரு நல்ல கேம் மாஸ்டர், கண் கலங்கிய இரவுகள் கூட உண்டு. கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள், ஓர்க் என்ற முரட்டுப் பூதங்கள், வழிப்பறிக்காரர்கள், மதவெறிக் கும்பல் என்று வழியில் வந்ததையெல்லாம் வெட்டிச் சாய்த்துக்கொண்டே போனோம். ஒருநாள் பழைய நோட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அத்தனை சண்டையிலும் எதிரி ஒருவன்கூட எங்களிடம் சரணடைந்ததில்லை. ஓடியவர்களும் கிட்டத்தட்ட இல்லை. தலைவன் செத்து, கூட்டாளிகள் ஒன்பது பேர் கண்ணெதிரே எரிந்து கிடக்க, பத்தாவது கோப்ளின் அப்போதும் குட்டைக் கத்தியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேல் பாய்ந்திருக்கிறது. உணர்ச்சிக்குப் பேர்போன விளையாட்டில் இது எப்படி நடக்கிறது? எங்கள் பாத்திரங்களுக்குக் குழந்தைப் பருவக் காயங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. எதிரே நின்றவர்களுக்குப் பயம்கூட இல்லை.

ஒரு வார்ஹாமர் மாலை

அப்போது எனக்கு நாட்டிங்ஹாமில் வேலை. வார்ஹாமர் என்ற பொம்மைப் படை விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையகம் இருக்கிற ஊர், அதைச் சுற்றி வார்ப்பு, செதுக்குவேலை, விதிப்புத்தகம் என்று சின்னச் சின்ன நிறுவனங்கள் முளைத்து, பொம்மைக்காரர்கள் அந்த வட்டாரத்தையே 'லெட் பெல்ட்' என்று சொல்லும் அளவுக்கு ஈயம் புழங்கிய இடம். ஒரு சர்ச் ஹாலில் வாரம் ஒருமுறை கூடுகிற கிளப்புக்குப் போவேன். ஒரு மூலையில் எங்கள் ரோல்பிளே மேசை, மற்ற மேசைகளெல்லாம் வார்கேம். ஒருநாள் எங்கள் கேம் மாஸ்டர் வரவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்றவர், எதிராளி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். தன் கோப்ளின் படையை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் குதிரை வீரர்களை எடுத்துக்கொண்டு வா ஆடலாம் என்றார்.

அவர் ஆடியது வார்ஹாமரின் 2000-இல் வந்த ஆறாம் பதிப்பு. நிறுவனம் 2015-இல் அந்தப் பழைய உலகத்தையே கதைக்குள் அழித்துவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற புது விளையாட்டைக் கொண்டுவந்தபோது, அவரைப் போன்ற பலர் அலமாரியில் இருந்த பழைய விதிப்புத்தகத்தையே வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். கோப்ளின்கள் ஈய வார்ப்பு, கையில் எடுத்தால் கனம் தெரியும். தோள்பட்டையில் பெயின்ட் தேய்ந்து உலோகம் பளபளத்தது, எத்தனையோ வருடம் விரல் பட்ட இடம். ஒவ்வொன்றும் வேறு முகம். ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தான், ஒருவன் ஈட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்தான். ஐந்து ஐந்தாக ஐந்து வரிசை, நடுவில் நைந்த கொடி. அடுக்கி முடித்துப் பின்னால் வந்து நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் இருபத்தைந்து முதுகுகள்தான். வார்கேம் ஆடியவர்களுக்கு இது தெரிந்த விஷயம், நம் படையின் முகத்தை எதிராளிதான் பார்க்கிறான், நமக்கு எப்போதும் முதுகும் பின்மண்டையும்தான்.

மூன்றாவது சுற்றில் குதிரைகள் நேரே வந்து மோதின. ஏழு கோப்ளின்கள் விழுந்தன, எங்கள் பக்க ஈட்டி எதுவும் கவசத்தைத் துளைக்கவில்லை. அப்புறம் கணக்கு. எனக்கு வரிசைகளின் ஆழத்துக்கு மூன்று, கொடிக்கு ஒன்று, எண்ணிக்கையில் அதிகம் என்பதற்கு ஒன்று, ஆக ஐந்து. அவருக்கு ஏழு. இரண்டால் தோற்றேன். கோப்ளினின் லீடர்ஷிப், அதாவது துணிவு எண், 6, தோற்ற இரண்டைக் கழித்தால் 4. இரண்டு பகடை போட்டு நாலோ அதற்குக் கீழோ விழுந்தால் நிற்பார்கள். படைத்தலைவன் பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் அவனுடைய துணிவைக் கடன் வாங்கலாம், அவன் மேசையின் மறுகோடியில் வேறொரு சண்டையில் இருந்தான். போட்டேன், 9. உடைந்துவிட்டார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் ஓடுகிற தூரத்துக்குப் பகடை, துரத்துகிற தூரத்துக்குப் பகடை, மாட்டிக்கொண்டால் அப்படியே அள்ளிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவர் என்னை நிறுத்தினார். முதலில் திருப்பி வை என்றார், ஒவ்வொன்றாக. எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பதினெட்டு கோப்ளின்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் திரும்பிய நிலையில் வைத்தேன். அந்த ஆட்டத்தில் முதல் தடவையாக அவர்களுடைய முகம் என் பக்கம் வந்தது. நாக்குத் துருத்தியவன், கண் மூடியவன், எல்லோரும் என்னை நோக்கி ஓடிவருகிறார்கள், பின்னால் குதிரைகள். ஓட்டத்துக்குப் போட்டேன், 5 அங்குலம். கனத்த குதிரைகளுக்கு மூன்று பகடை, அவருக்கு 11. ஈட்டிக்கு விழுந்தது ஏழு பேர், ஓட்டத்தில் செத்தது பதினெட்டு பேர்.

பழங்காலப் போர்களில் பெரும்பாலான உயிர்கள் போனது நேருக்கு நேர் நின்றபோது அல்ல, ஒரு பக்கம் உடைந்து ஓடிய பிறகு துரத்தலில்தான் என்று வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். அதைப் படித்திருந்தேன். ஆனால் ஒரு விதிப்புத்தகம் அதை என் கையாலேயே செய்யவைத்தது அன்றுதான். கேம்பெய்னில் நாங்கள் கொன்ற ஆயிரம் கோப்ளின்களில் ஒன்றின் முகமும் நினைவில்லை, ஆனால் அந்தப் பதினெட்டும் இருக்கின்றன. வெறும் கணக்கு என்று எல்லோரும் ஒதுக்கிய விளையாட்டுக்குப் பயம் தெரிந்திருந்தது.

வீரனுக்கு மட்டும் கொடுத்த சலுகை

அப்படியென்றால் ரோல்பிளேயிலிருந்து அது எங்கே தொலைந்தது என்ற கேள்வி பிடித்துக்கொண்டது. வேரைத் தேடிப் போனால் சதுரங்கம் வரை போகலாம். ஜெர்மனியில் ஹெல்விக் 1780-இல் வெளியிட்ட போர் விளையாட்டு சதுரங்கத்தை விரித்துச் செய்ததுதான், அதன் வழியில் வந்த பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீலில்தான் வரைபடம், பகடை, நடுவர் மூன்றும் ஒன்றாகக் கூடின. நம் நாட்டில் பிறந்த அந்தச் சதுரங்கப் பலகையில் சிப்பாய்க்குப் பின்னால் நகரவே அனுமதியில்லை. ராணி விழுந்தாலும் அவன் முன்னால்தான் போவான். மனிதப் படை அப்படி இல்லை என்பதை விதியாக எழுத நாளாகியிருக்கிறது. 1960-களில் பொம்மைப் படை விளையாட்டைப் பிரிட்டனில் பரப்பியவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், சவுத்தாம்ப்டனில் பிசியோதெரபிஸ்ட், இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். அந்தத் தலைமுறை எழுதிய விதிகளில் மொரேல், அதாவது படையின் மனத்திடம், சண்டைக்குச் சமமான இடத்தில் இருக்கும். உத்தரவு போட்டால் ஆள் கேட்பான் என்பது நிச்சயமில்லை என்று நேரில் பார்த்தவர்கள் எழுதிய விதி அது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971-இல் கொண்டுவந்த செயின்மெயில், இடைக்காலப் படைகளுக்கான மினியேச்சர் விதி. அதிலும் ஒவ்வொரு கைகலப்புக்குப் பிறகும் மொரேல் கணக்கு உண்டு, ஆள் அதிகமாக விழுந்தால் படை கலைகிறதா என்ற சோதனையும் உண்டு. கடைசியில் பேன்டசி இணைப்பு என்று சில பக்கங்கள், மந்திரவாதி, டிராகன், ஹீரோ. ஹீரோ என்பவன் நான்கு ஆட்களுக்குச் சமம். இன்னொரு சலுகையும் அவனுக்கு இருந்தது, அவன் மொரேல் சோதனை செய்யவே வேண்டியதில்லை. அவன் கூட நின்றால் பக்கத்தில் இருக்கிற படைக்கும் பகடையில் ஒன்று கூடும்.

இந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது மாதிரி இருந்தது. ஹீரோ ஒரு விதிவிலக்கு. சுற்றிலும் இருக்கிற நூறு பேர் நடுங்கக்கூடியவர்கள், அதனால்தான் நடுங்காத ஒருவனுக்கு அர்த்தம். இதே காலத்தில் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி 1969-இல் பிரான்ஸ்டைன் என்ற ஊரைக் கற்பனை செய்து, ஆடுகிறவர்களுக்குப் படைகளைத் தராமல் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு வேடத்தைத் தந்தார். ஆட்டம் கையை மீறிப்போய் அவர் அதைத் தோல்வி என்று நினைத்திருக்கிறார், ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்று நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அந்த யோசனையைத் தன் பிளாக்மூர் உலகத்துக்குள் கொண்டுபோனார். செயின்மெயிலில் ஒரு அடி விழுந்தால் சாதாரண ஆள் அவுட். வாரக்கணக்கில் ஆடி வளர்த்த பாத்திரம் ஒரே அடியில் சாவதை யாரும் விரும்பவில்லை, அதனால் ஹிட் பாயிண்ட், அதாவது எத்தனை அடி தாங்கலாம் என்ற உயிர்க்கணக்கு, வந்தது என்று ஆர்னசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1974-இல் கைகாக்ஸும் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டியாக வந்தபோது அட்டையில் ரோல்பிளே என்ற பேச்சே இல்லை, காகிதம், பென்சில், மினியேச்சர் வைத்து ஆடும் இடைக்கால வார்கேம் கேம்பெய்ன்களுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பொம்மை கற்பனையைக் கொல்லும் என்பவர்களுக்காக. இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைத் தலையும் கரடி உடம்புமான அவுல்பேர், இவை எந்தப் புராணத்திலிருந்தும் வரவில்லை. கைகாக்ஸ் மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலத்தில் இனம் தெரியாத சில உருவங்கள் இருந்தன. அவற்றை மேசையில் வைத்த பிறகுதான் இது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பெயரும் குணமும் கொடுத்தார்கள். பொம்மை முதலில், கற்பனை பிறகு.

சரி, ஹீரோவுக்கு வருகிறேன். புதிய விளையாட்டு முழுக்க அந்த விதிவிலக்கான ஆளைப் பற்றியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஹீரோக்கள், யாருக்கும் மொரேல் சோதனை கிடையாது. அது நியாயம்தான். ஆனால் ஆண்டுகள் போகப்போக எதிர்ப்பக்கத்துக்கும் அதே சலுகை ஒட்டிக்கொண்டது. எதிரிக்கும் ஹிட் பாயிண்ட் இருக்கிறது, அது பூஜ்யம் ஆகும்வரை பெட்ரோல் தீரும்வரை ஓடுகிற வண்டி மாதிரி முழு வேகத்தில் சண்டை போடுவான், தீர்ந்ததும் விழுவான். ஐந்தாம் பதிப்பின் 2014 டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தில் மொரேல் இருக்கிறது, விஸ்டம் சேவிங் த்ரோ என்ற பகடைச் சோதனையாக, விருப்ப விதிகளின் நடுவே. அதைப் பயன்படுத்துகிற மேசையை நான் பார்த்ததில்லை. நூறு பேர் பயப்படுகிற உலகத்தில் ஒருவன் வீரன் என்று தொடங்கியது, யாருமே பயப்படாத உலகத்தில் வந்து நிற்கிறது.

பாலத்தில் நின்ற ஓர்க்குகள்

பெரியவரின் கோப்ளின்களுக்குப் பிறகு நான் கேம் மாஸ்டராக உட்கார்ந்தபோது, டாம் மோல்ட்வே தொகுத்த 1981-ஆம் ஆண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளை எடுத்தேன். அதிலும் மொரேல் விருப்ப விதிதான், ஆனால் ஒவ்வொரு ஜந்துவின் விவரத்திலும் அதன் எண் அச்சாகியிருக்கும், கண்ணில் படாமல் போகாது. 2 முதல் 12 வரை. 2 என்றால் சண்டைக்கே வராது, 12 என்றால் சாகும்வரை நிற்கும். முதல் ஆள் செத்ததும் ஒரு சோதனை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு சோதனை. இரண்டு பகடையின் கூட்டு அந்த எண்ணைத் தாண்டினால் ஓட்டம் அல்லது சரண். இரண்டு சோதனையிலும் தேறிவிட்டால் கடைசிவரை நிற்பார்கள்.

ஓர்க்குக்கு 8, தலைவன் செத்தால் 6. இரண்டு எண் குறைவது பெரிதாகத் தெரியாது. இரண்டு பகடையில் 36 விதமாக விழலாம், அதில் 8-ஐத் தாண்டுவது 10, 6-ஐத் தாண்டுவது 21. தலைவன் நிற்கும்வரை நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவன் விழுந்ததும் பாதிக்கு மேல். ஒரு ஓர்க் கூட்டத்தின் மொத்த சமூக அமைப்பும் இந்த இரண்டு எண்ணுக்குள் இருக்கிறது. யாரால் ஒன்றாக நிற்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நான் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லை.

மேசையில் ஒரு கல்பாலம் வைத்திருந்தேன், தெர்மாகோலில் செதுக்கிச் சாம்பல் பெயின்ட் அடித்தது. மறுமுனையில் எட்டு ஓர்க்குகள், நடுவில் பெரிய கோடரியோடு தலைவன். ஆடியவர்கள் ஐந்தாம் பதிப்புப் பழக்கத்தில் முன்வரிசையை ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்கினார்கள். முதல் ஆள் விழுந்ததும் எல்லோர் கண்முன்னாலும் பகடையைப் போட்டேன், 7, நின்றார்கள். எதற்கு இந்தப் பகடை என்று கேட்டார்கள், சொன்னேன். மேசையில் பேச்சின் போக்கே மாறியது. எத்தனை ஹிட் பாயிண்ட் மிச்சம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இவர்களை எது உடைக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். வில்லாளி கோடரிக்காரன்மேல் குறிவைத்தாள். இரண்டாவது அம்பில் விழுந்தான். அவனோடு பாதிப் பேர் விழுந்தாயிற்று, மறுபடி பகடை, 8. இப்போது எண் 6.

ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். இந்தத் தடவை எதிரிகளின் முதுகு ஆடுகிறவர்கள் பக்கம் வந்தது. யாரும் உடனே பேசவில்லை. பாலத்தின் குறுகல் காரணமாகக் கடைசியில் நின்ற ஓர்க்குக்கு ஓட இடமில்லை, ஆயுதத்தைப் போட்டுவிட்டான் என்று சொன்னேன். அந்தச் சண்டை முடிந்தது, ஆனால் அந்த மாலை முழுக்க அந்த ஒரு ஓர்க்கைப் பற்றியே போனது.

ஓடியவனை என்ன செய்வது

கட்டிப்போடலாமா, கூட்டிப்போகலாமா, விட்டால் ஆள் திரட்டிக்கொண்டு வருவானா, கொன்றால் நாம் யார்? எங்கள் பழைய கேம்பெய்னில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை, எழ வேண்டிய தேவையே வரவில்லை. புறமுதுகு காட்டுவது இழிவு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம், ஆனால் தோற்று முதுகு காட்டுகிறவன்மேல் வாளை ஓங்காத வீரத்தைத் தழிஞ்சி என்று தனித் துறையாகவே வைத்துப் பாடியதும் நம் புறப்பொருள் மரபுதான். ஓடுகிறவன் இருந்தால்தானே அந்த வீரத்துக்கு இடம்? ஆடியவர்கள் முக்கால் மணி நேரம் வாதாடி அவனை வழிகாட்டியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெயர் வைத்தார்கள். ரோல்பிளே என்று எதைச் சொல்கிறோமோ அது முழுக்க ஒரு வார்கேம் விதியிலிருந்து வந்தது.

பழைய விதிகளில் அனுபவப் புள்ளியும் இதற்குத் துணை நின்றது. ஒரு ஓர்க்கைச் சமாளித்தால் 10 புள்ளி, ஆனால் ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் ஒரு புள்ளி. நூறு காசு உள்ள சின்னப் பை பத்து ஓர்க்குக்குச் சமம். அப்புறம் எதற்கு விரட்டிப்போய் வெட்ட வேண்டும்? 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது காசுக்குப் புள்ளி போய், எதிரியைச் சமாளித்தால் புள்ளி என்று ஆனது. கொன்றுதான் ஆக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஆனால் மேசையில் நடந்தது பெரும்பாலும் அதுதான்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிற ஒரு விளையாட்டு எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது, 1999-இல் வந்த மோர்ட்ஹைம். வால்மீன் விழுந்து நாசமான நகரம், இடிபாடுகளில் வைர்ட்ஸ்டோன் என்ற மந்திரக் கல்லைப் பொறுக்கச் சண்டையிடும் சிறு கும்பல்கள், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பொம்மை. அது வார்கேம்தான், ஆனால் ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் உண்டு, அனுபவம் உண்டு, சண்டை முடிந்ததும் விழுந்தவனுக்கு என்ன ஆயிற்று என்று காயப் பட்டியலில் பகடை போட வேண்டும். செத்திருக்கலாம், ஒரு கண் போயிருக்கலாம், கால் முடமாகியிருக்கலாம், எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம், அவனை மீட்கப் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். கும்பலில் கால்வாசி விழுந்ததும் ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டச் சோதனை. அதோடு அந்த நிலையில் நாமாகவே போதும் என்று பின்வாங்கவும் அனுமதி உண்டு. மோர்ட்ஹைம் ஆடிய யாரும் பின்வாங்குவதை வெட்கமாக நினைத்து நான் பார்த்ததில்லை. தளபதி தன் ஆட்களைக் காப்பாற்றுகிறான். பொம்மைகளை வைத்து ஆடிய ஆட்டங்களில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது பெரும்பாலும் அந்த முடிவை எடுக்கும் சுற்றில்தான், இன்னும் ஒரு சுற்று நிற்கலாமா, இல்லை இப்போதே கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். நல்ல கேம் மாஸ்டருக்குப் பகடை எதற்கு, எப்போது ஓட வேண்டும் என்று அவருக்கே தெரியாதா என்பார்கள். தெரியும், ஆனால் செய்ய மாட்டார். ஆறு பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, எதிரிகளின் உயிர்க்கணக்கை எழுதிக்கொண்டே, அடுத்த அறையில் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவர் நின்று ஒரு கோப்ளினின் மனநிலையைக் கவனிப்பது அபூர்வம். அதைவிட முக்கியம், அவராக முடிவெடுத்து எதிரிகளை ஓடவைத்தால் நம்மேல் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். எல்லோர் முன்னாலும் விழுந்த பகடை என்றால் அது நாம் சம்பாதித்தது. நடுவருக்கும் அடுத்து என்ன என்று தெரியாத ஒரு நொடி மேசையில் இருக்க வேண்டும், கிரீக்ஸ்பீல் காலத்திலிருந்து பகடையின் வேலை அதுதானே.

இன்னொரு லாபமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லா எதிரியும் சாகும்வரை சண்டை போட்டால், எலும்புக்கூட்டுக்கும் கொள்ளைக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? பேசிக் விதியில் எலும்புக்கூட்டுக்கும் ஸோம்பிக்கும் மொரேல் 12. ஓர்க்குகள் ஓடிப் பார்த்த குழு முதன்முதலில் எலும்புக்கூடுகளைச் சந்தித்தபோது, முதல் வரிசை நொறுங்கியது, நான் பகடையைத் தொடவில்லை. பாதி நொறுங்கியது, அப்போதும் தொடவில்லை. ஒருவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏன் போடவில்லை என்று கேட்டார். இவர்களுக்குத் தேவையில்லை என்றேன். அன்றுதான் அந்தக் குழு முதல்முறையாகத் தானாகவே பின்வாங்கியது.

ஆடுகிறவர்களின் பாத்திரங்களுக்கும் மொரேல் வேண்டுமா என்பதில்தான் எங்கள் மேசையில் இப்போது தகராறு. ஒருவர் விடாப்பிடியாக வேண்டும் என்கிறார், எதிரிக்கு ஒரு நியாயம் நமக்கு ஒரு நியாயமா என்று. கூலிக்கு வரும் தீப்பந்தக்காரனுக்குப் போடுகிறோமே, அவனும் மனிதன்தானே என்றும் கேட்கிறார். நான் மறுக்கிறேன். முதல் நிலைப் பாத்திரத்துக்கு நாலு ஹிட் பாயிண்ட் இருக்கும், ஓர்க்கின் ஒரு வெட்டில் ஆறு வரை போகலாம். அந்தக் கணக்கைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்குகிறதே, அதுதான் பாத்திரத்தின் மொரேல், அதைப் பகடையிடம் கொடுத்துவிட்டால் ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்கிற சுமை ஆளிடமிருந்து போய்விடும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அடுத்த கோட்டை முற்றுகையில் அவருடைய பாத்திரத்துக்கு மட்டும் 9 என்று வைத்துப் பார்ப்போம், நாலைந்து ஆட்டம் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று இப்போதைக்கு விட்டிருக்கிறோம்.